4000 ஆர்பிஎம்ல எப்படி இருக்கும்? ட்வின் பைக்குக்கு சைலன்சர் மாத்தின பதிவு

பழைய சைலன்சருக்குள்ள இருக்கற தடுப்புத் தகடு ஒண்ணு வெல்டிங் விட்டுடுச்சு. ஐட்லிங்ல, அதாவது ஆக்சிலேட்டர் முறுக்காம நிக்கும்போது, கலகலன்னு ஒரு தகர சத்தம், கொஞ்சம் ரேஸ் பண்ணா நின்னுடும், ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுத்துதுங்கற கணக்கு) கீழ வந்தா மறுபடி கலகல. கழட்டி குலுக்கினா துருத்தூளா கொட்டுது. மத்தபடி பைக் நல்லா இருக்கு. பேரலல் ட்வின் (பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சிலிண்டர்), 270 டிகிரி கிராங்க் (ரெண்டு பிஸ்டனும் 270 டிகிரி வித்தியாசத்துல ஏறி இறங்கற மாதிரி சுழல் தண்டு), ஃபியூயல் இன்ஜெக்ஷன், இன்ஜின்லேருந்து புகை வெளிய வர்ற ரெண்டு பெண்ட் பைப்பும் இன்ஜினுக்கு அடியில ஒண்ணா சேந்து அங்கயே புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதுக்குப் பின்னாடி வலது பக்கம் ஒரே சைலன்சர்.

சைலன்சர் ஏன் உள்ளேருந்து துருப்பிடிக்குதுன்னு நிறைய பேருக்குத் தெரியறதில்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி வரும், ஆவியா. சைலன்சர் நல்லா சூடாயிட்டா அது வெளிய போயிடும், பக்கத்துத் தெரு வரைக்கும் போயிட்டு உடனே ஆஃப் பண்ற ஓட்டமா இருந்தா உள்ளயே குளுந்து தேங்கிடும். அதுக்குத்தான் நிறைய சைலன்சர்ல அடியில ஒரு சின்ன ஓட்டை வெச்சிருப்பாங்க, அதை லீக்குன்னு நெனச்சு வெல்டு வெச்சு அடைச்சுடறாங்க, அப்புறம் அது எவ்வளவு சீக்கிரம் அரிக்குதுன்னு பாருங்க.

சரி, எப்படியும் மாத்தணும், அப்ப கொஞ்சம் லேசானதா, கொஞ்சம் நல்ல சத்தத்தோட ஆஃப்டர்மார்க்கெட்ல, அதாவது வெளிக் கம்பெனி செய்யறதுல, பாக்கலாம்னு இறங்கினேன். இறங்கினவுடனே எல்லாரும் பண்றது வீடியோ பாக்கறது. நானும் பாத்தேன், ஆனா அதை வெச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு முதல்லயே தீர்மானமா இருந்தேன், ஏன்னா கணக்கு சொல்றேன் பாருங்க. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெடிக்கும். ட்வின்ல சராசரியா சுத்துக்கு ஒண்ணு. நான் பெரும்பாலும் ஓட்டறது டாப் கியர்ல 4000 ஆர்பிஎம் சுத்தி. 4000ஐ 60ஆல வகுத்தா நொடிக்கு 67 வெடி, அதாவது 67 ஹெர்ட்ஸ். அதுவும் 270 டிகிரி கிராங்க்ல வெடிப்பு சீரான இடைவெளில வராது, 270 அப்புறம் 450ன்னு வரும், அதனால அதுல பாதி, 33 ஹெர்ட்ஸ்லயும் ஒரு உறுமல் இருக்கும். இந்தக் கீழ் சத்தத்தை போன் மைக் சரியா பிடிக்காது, சத்தம் கூடினா மைக் தானாவே அமுக்கிக்கும், அப்படியே பிடிச்சாலும் போன் ஸ்பீக்கரால 67 ஹெர்ட்ஸை வெளிய கொண்டுவர முடியாது. ஆக வீடியோல நமக்குக் கேக்கறது மேல இருக்கற கரகரப்பும் வெடிப்பும் மட்டும்தான். நாள் முழுக்க ஹெல்மெட்டுக்குள்ள ம்ம்ம்னு தலையைப் பிடிக்கற சத்தம் இருக்கே, ட்ரோன்னு சொல்லுவாங்க, அது வீடியோல இருக்கவே இருக்காது. வீடியோ போடறவங்க ஸ்டாண்டு போட்டு ரேஸ் பண்ணித்தான் காட்டுவாங்க, அங்க இன்ஜின் மேல லோடு கிடையாது. லோடு இல்லாம வர்ற சத்தமும், மேட்டுல ஆக்சிலேட்டர் பாதி முறுக்கி ஏறும்போது வர்ற சத்தமும் வேற வேற.

அதனால நான் வெச்சுக்கிட்ட கேள்வி ஒண்ணுதான். 4000ல, லோடோட, ரெண்டு மணி நேரம் ஓட்டினா இது எப்படி இருக்கும்? மத்த எல்லாத்தையும் இதுக்குக் கீழதான் வெச்சேன்.

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடறேன், சைலன்சர் மாத்தினா இன்ஜினோட குணம் மாறாது. சிங்கிள் சிலிண்டரோட தும்தும், 360 டிகிரி ட்வினோட சீரான சத்தம், நாலு சிலிண்டரோட அலறல், இதெல்லாம் கிராங்கும் ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்கள் வெடிக்கற வரிசை) முடிவு பண்றது. இன்ஜின் ஏற்கனவே போடற சத்தத்துல எதை அமுக்கணும் எதை விடணும்ங்கறது மட்டும்தான் சைலன்சரோட வேலை. நாலு சிலிண்டர் வீடியோ பாத்து அதே கம்பெனி சைலன்சரை ட்வின்ல மாட்டினா அந்த அலறல் வராது.

அடுத்த கேள்வி, 'ஸ்லிப் ஆன்' போடறதா, 'ஃபுல் சிஸ்டம்' போடறதா. ஸ்லிப் ஆன்னா கடைசி சைலன்சர் மட்டும், சிலதுல அதை முன் பைப்போட இணைக்கற லிங்க் பைப்பும் வரும். ஃபுல் சிஸ்டம்னா சிலிண்டர் ஹெட்லேருந்து பெண்ட் பைப்போட எல்லாம் புதுசு. பவர் உண்மையிலேயே மாறணும்னா அது பெண்ட் பைப்லதான் இருக்கு, சைலன்சர்ல ரொம்ப இல்ல. எக்ஸாஸ்ட் வால்வு திறந்தவுடனே ஒரு அழுத்த அலை பைப்புல ஓடும், சூடான புகைக்குள்ள அதோட வேகம் நொடிக்கு 500 மீட்டருக்கு மேல. பைப் எங்க திடீர்னு அகலமாகுதோ, இல்ல வேற பைப்போட சேருதோ, அங்க பட்டு எதிர் அலையா, அதாவது உறிஞ்சற அலையா திரும்பி வரும். எக்ஸாஸ்ட் வால்வு மூடறதுக்குள்ள இன்டேக் வால்வு திறக்க ஆரம்பிக்கற ஓவர்லாப் நேரத்துல அந்த உறிஞ்சல் வந்து சேந்துச்சுன்னா மிச்ச புகையை இழுத்துட்டு புது மிக்ஸரையும் (பெட்ரோலும் காத்தும் கலந்தது) உள்ள இழுக்கும். 6000 ஆர்பிஎம்ல ஒரு முழு சுத்துக்கே 10 மில்லிசெகண்ட்தான், அதுக்குள்ள இந்த ஆட்டம் முடிஞ்சாகணும். ஆர்பிஎம் மாறினா நேரம் மாறும், அலையோட வேகம் அதே அளவு மாறாது, அதனால ஒரு பைப் நீளம் ஒரு ஆர்பிஎம் வட்டாரத்துக்குத்தான் நல்லா வேலை செய்யும், வேற வட்டாரத்துல எதிரா கூட வேலை செய்யும்.

"பேக் பிரஷர் இல்லாட்டி பிக்கப் போயிடும்"னு எல்லாரும் சொல்றது இதுலேருந்து வந்ததுதான். பெரிய விட்டத்துல பைப் போட்டா கீழ் ஆர்பிஎம்ல இழுவை குறையறது உண்மை, காரணம்தான் வேற. புகையோட வேகம் குறையுது, அலை வந்து சேர்ற நேரம் கெட்டுப்போகுது. பேக் பிரஷர்னு எதையும் எந்த இன்ஜினும் கேக்கறதில்ல. யமஹா இதுக்குத்தான் 1980கள்லயே எக்ஸப் வால்வு கொண்டுவந்தாங்க, எக்ஸாஸ்ட்டுக்குள்ள ஒரு வால்வு வெச்சு கீழ் ஆர்பிஎம்ல பாதி மூடி, மேல போகப் போக திறந்து, எதிரா வர்ற அலையை அடக்கறது. உங்க பைக்ல அப்படி வால்வும் அதை இழுக்கற கேபிளும் சர்வோ மோட்டாரும் இருந்தா, அதை எடுத்துட்டு ஃபுல் சிஸ்டம் போடறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க, மீட்டர்ல எரர் லைட் வரும், அதை ஏமாத்த தனியா ஒரு பெட்டி மாட்டணும், அப்பவும் நடு ஆர்பிஎம்ல ஒரு பள்ளம் விழ வாய்ப்பிருக்கு.

டூ ஸ்ட்ரோக்ல இந்தக் கதையே வேற, அங்க பைப்புதான் பாதி இன்ஜின். 1950கள்ல கிழக்கு ஜெர்மனியோட எம்இசட் கம்பெனில வால்டர் காடன்னு ஒரு இன்ஜினியர் எக்ஸ்பான்ஷன் சேம்பரை (நடுவுல பருத்து ரெண்டு முனையும் குறுகின எக்ஸாஸ்ட் பைப்) ஒழுங்கா வேலை செய்ய வெச்சாரு, வெளிய ஓடிப்போற புது மிக்ஸரை திரும்பி வர்ற அலையே சிலிண்டருக்குள்ள தள்ளிவிடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது, அதனால சொல்லாம இருக்க முடியல. டூ ஸ்ட்ரோக் வெச்சிருக்கறவங்க சும்மா சத்தத்துக்காக பைப் மாத்தவே கூடாது.

என் பைக்ல கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்போட சேந்தது. ஃபுல் சிஸ்டம் போட்டா அது போயிடும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூணையும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் வெச்சு மாத்தற பொருள் அது. எடுத்துட்டு ஓட்டறது நிறைய நாடுகள்ல சட்டப்படி தப்பு, அதைவிட சிக்னல்ல நிக்கும்போது பின்னாடி ஸ்கூட்டர்ல குழந்தையோட நிக்கறவங்க மூஞ்சில அந்த நாத்தத்தை விட எனக்கு மனசு வராது. கிடைக்கப்போற பவர் என் 4000 ஆர்பிஎம் ஓட்டத்துல தெரியவும் தெரியாது. ஸ்லிப் ஆன்னு முடிவு பண்ணிட்டேன். உங்க பைக்ல அந்தக் கன்வெர்ட்டர் சைலன்சருக்குள்ளயே இருந்தா ஸ்லிப் ஆன் போட்டாலே அது போயிடும், அதனால முதல்ல அது எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிங்க.

இப்ப சைலன்சரோட உள்பக்கம். கம்பெனில வர்றது பெரும்பாலும் அறை அறையா பிரிச்சது, புகை முன்னயும் பின்னயும் போய் வந்து சத்தம் அடங்கும். ஆஃப்டர்மார்க்கெட்ல பெரும்பாலும் நேர் பைப், அதுல சுத்தி ஓட்டை, அந்தப் பைப்பைச் சுத்தி கிளாஸ் ஊல், அதுக்கு மேல வெளி ஓடு. கிளாஸ் ஊல் மேல் சத்தத்தை, அதாவது காதைக் குத்தற கரகரப்பை நல்லா உறிஞ்சும். கீழ் சத்தத்தை அடக்க அதுக்கு ஒரே வழி அளவு, உள்ள எவ்வளவு இடம் இருக்குங்கறது. ட்ரோனுக்குக் காரணமும் அதுதான். கைக்கு அடக்கமா ஒரு ஜாண் நீளத்துல அழகா இருக்கற குட்டி சைலன்சருங்க எல்லாம் ஏன் அப்படி அதிருதுன்னா உள்ள இடமே இல்ல, வேற ரகசியம் ஒண்ணுமில்ல. அதை அமைதியாக்க டிபி கில்லர்னு வாய்ல ஒரு குறுகின குழாயைச் சொருகுவாங்க, அது சத்தத்தோட புகையையும் நெருக்கும். பெரிய உடம்பு, பெரிய டிபி கில்லர்னு இருந்தா மூச்சும் முட்டாது, சத்தமும் அடங்கும். பாக்கறதுக்கு நீளமா இருக்கும், அது எனக்குப் பரவால்ல.

டெசிபல் எண்ணைப் பாத்து நிறைய பேரு ஏமாறறாங்க. 94க்கும் 97க்கும் மூணுதானே வித்தியாசம்னு தோணும், ஆனா மூணு டெசிபல் கூடினா ஒலி ஆற்றல் ரெண்டு மடங்கு. காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தெரியறதுக்கு சுமார் 10 டெசிபல் கூடணும். நின்ன இடத்துல அளக்கறதுக்கு ஐநா விதிமுறைல ஒரு முறை இருக்கு, சைலன்சர் வாய்லேருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்துல மைக், இன்ஜின் உச்ச பவர் 5000 ஆர்பிஎம்முக்கு மேல வர்றதா இருந்தா அதுல பாதி ஆர்பிஎம்ல பிடிச்சு நிறுத்தி அளக்கணும். ரெண்டு சைலன்சரை ஒப்பிடறதா இருந்தா இதே மாதிரி ஒரே தூரம், ஒரே கோணம், ஒரே மீட்டர்ல அளந்தாதான் அர்த்தம். ஒருத்தர் ஐட்லிங்ல அளந்ததையும் இன்னொருத்தர் 8000ல அளந்ததையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறதுல பிரயோஜனம் இல்ல.

மெட்டீரியல் விஷயத்துல நான் ரொம்ப அலட்டிக்கல. டைட்டானியம் ஸ்டீல்ல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் எடை இருக்கும், சூட்டுல நீலமும் ஊதாவுமா நிறம் மாறறது ரொம்ப அழகு, அது பெயின்ட் இல்ல, மேல உருவாகற ஆக்சைடு படலத்தோட தடிமன் வெளிச்சத்தை அப்படிப் பிரிக்குது. கார்பன் ஃபைபர் ஓடு லேசானது, ஆனா கீழ விழுந்தா நசுங்காது, உடையும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொஞ்சம் கனம், வருஷக்கணக்கா உழைக்கும், விட்டுப்போனா எந்த நல்ல வெல்டரும் பத்தவெச்சுக் குடுத்துடுவாரு. எனக்கு ஸ்டெயின்லெஸ் போதும். பழைய சைலன்சரை விட எப்படியும் பாதி எடைதான்.

மாட்டறதுக்கு இடம் இருக்கான்னு பாக்கறதுல நான் நிறைய நேரம் செலவு பண்ணேன், இதுலதான் நிறைய பேருக்கு வாங்கினப்புறம் தலைவலி வருது. சென்டர் ஸ்டாண்டு இருக்கற பைக்ல, ஸ்டாண்டு மேல வந்து நிக்கறதுக்கான ரப்பர் சில மாடல்ல கம்பெனி சைலன்சர்லயே வெச்சிருப்பாங்க. அதைக் கழட்டிட்டா ஸ்டாண்டு இன்னும் மேல போய் செயின்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ (பின் வீலைப் பிடிச்சு மேல கீழ ஆடற கை) இடிக்கும். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, அதனால அந்த ரப்பருக்கு தனி பிராக்கெட் குடுக்கற மாடல் மட்டும்தான் பட்டியல்ல நின்னுச்சு. அப்புறம் ஸ்விங் ஆர்ம் முழுசா அமுங்கினா சைலன்சர் இடிக்குமா, பின்னாடி உக்காந்தவங்க குதிகால் படுமா, சைடு பாக்ஸ் மாட்டினா துணி கருகுமா, ஆயில் ஃபில்டர் கழட்ட கை போகுமா, பின் வீல் ஆக்சிலை உருவ வழி இருக்கா. டயர் பஞ்சரானா ஒவ்வொரு தடவையும் சைலன்சரைக் கழட்டற நிலைமை வரக்கூடாது.

தரம் பாக்கறதுக்கு கண்ணால வெல்டிங்கைப் பாருங்க, நாணயம் அடுக்கி சாய்ச்ச மாதிரி சீரா இருக்கணும், உள்பக்கம் கையை விட்டுத் தடவினா உலோகக் கட்டி துருத்திக்கிட்டு இருக்கக் கூடாது. அக்ரபோவிச், யோஷிமுரா, எஸ்சி ப்ராஜெக்ட், ஆரோ மாதிரி பெரிய சைலன்சர் கம்பெனிங்க பேருல போலி ஏராளமா ஓடுது. பேரு மட்டும் ஸ்டிக்கரா இருந்து ஐரோப்பிய அங்கீகார முத்திரையான இ மார்க் எண் உடம்புல பொறிச்சு இல்லாட்டி, எல்லா பைக்குக்கும் பொருந்தும்னு சொல்லி விட்டத்தைக் குறைக்கற ரிடியூசர் வளையம் ரெண்டு மூணு குடுத்தா, சந்தேகப்படுங்க. அந்த வளையம் இருக்கற இடத்துல லிங்க் பைப் விட்டமும் சைலன்சர் உள் பைப் விட்டமும் ஒண்ணுக்கொண்ணு சேராது.

கடைசில ரெண்டு மாடல் மிஞ்சுச்சு. ஒண்ணு குட்டி, ஒண்ணு நீளமான ஓவல். ரெண்டையும் இதே மாடல் பைக்ல மாட்டியிருக்கற ஆட்களைத் தேடிப் பிடிச்சு, ஓட்டிப் பாக்கக் கேட்டேன், கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்லல, பைக்காரங்க இந்த விஷயத்துல தாராளம். குட்டி சைலன்சர் 3000 வரைக்கும் ஆசையா இருந்துச்சு, 3800ல ஆரம்பிச்சு 4500 வரைக்கும் மண்டைக்குள்ள அதிர்வு, கியரை மாத்தித்தான் தப்பிக்கணும். நீளமானது அதே இடத்துல ஆழமா ஒரு உறுமல், காத்து சத்தத்துக்குக் கீழ போயிடுது, ஆக்சிலேட்டர் முறுக்கினாத்தான் வெளிய வருது. அன்னைக்கே முடிவாயிடுச்சு.

கழட்டறதுக்கு முந்தின ராத்திரியே கிளாம்ப் போல்ட்டுலயும் பிராக்கெட் போல்ட்டுலயும் துரு இளக்கற ஆயில் விட்டு ஊற வெச்சேன். ஃபுல் சிஸ்டம் போடறவங்க ஹெட் ஸ்டட்ல (சிலிண்டர் ஹெட்ல பெண்ட் பைப்பைப் பிடிக்கற போல்ட்) இதை இன்னும் பொறுமையா பண்ணணும், ஸ்டட் ஹெட்டுக்குள்ள ஒடிஞ்சா அதுக்கப்புறம் அது டிரில்லும் டேப்புமா ஒரு தனி வேலை. மறுநாள் ஆறு பாயிண்ட் சாக்கெட் போட்டு முதல்ல கொஞ்சம் இறுக்கற பக்கம் தள்ளி, அப்புறம் திருப்பினேன், துரு விட்டு வந்துடுச்சு. ஜாயிண்ட்ல புகை கசியாம அடைக்கற பழைய கிராஃபைட் வளையத்தை சொரண்டி எடுத்துட்டு ஜாயிண்டை சுத்தம் பண்ணி புதுசு போட்டேன், பழசைத் திரும்ப போடறது வேண்டவே வேண்டாம், ஒரு தடவை அமுங்கினது மறுபடி சரியா அமுங்காது.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால மட்டும் ஓட்டி விட்டுட்டு, சைலன்சர் தானா எங்க நிக்குதுன்னு பாத்து, பிராக்கெட் ஓட்டை இழுக்காம நேரா உக்காருதான்னு பாத்து, அப்புறம்தான் முன்னாடியிலிருந்து பின்னாடி வரிசையா மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (இறுக்கற விசை அளவு) இறுக்கினேன். வலுக்கட்டாயமா இழுத்து மாட்டினா அந்த இழுவை பூரா வெல்டிங்ல போய் உக்காரும், சூடாகி குளிர்ந்து சூடாகி ஒரு நாள் விரிசல் விடும். போல்ட் மரைல காப்பர் கிரீஸ். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி முழு சைலன்சரையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல தொடைச்சேன், விரல் ரேகை எண்ணெயோட சூடானா ஸ்டெயின்லெஸ்ல நிரந்தரமா பதிஞ்சுடும்.

ஸ்டார்ட் பண்ணா முதல்ல புகை வரும், மெஷின் ஆயிலும் கிளாஸ் ஊல்ல இருக்கற பசையும் எரியறது, பயப்பட வேண்டாம், நல்ல காத்தோட்டத்துல வெச்சுப் பண்ணுங்க. இன்னும் சூடாகறதுக்கு முன்னாடியே தடிச்ச துணியால வாயை ஒரு நொடி அடைச்சா, ஜாயிண்ட்ல லீக் இருந்தா புஸ்ஸுன்னு கேக்கும். இதை அசால்டா விடாதீங்க. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி லீக் இருந்தா வெளிக்காத்து உள்ள போய், மிக்ஸர்ல பெட்ரோல் பத்தலன்னு சென்சார் நெனச்சுக்கும், ஈசியூ (பெட்ரோல் அளவை முடிவு பண்ற கம்ப்யூட்டர்) தேவையில்லாம பெட்ரோலைக் கூட்டும். பின்னாடி லீக் இருந்தா ஆக்சிலேட்டரை விட்டவுடனே பட்பட்னு வெடிக்கும். லீக்கை அடைக்க சாதாரண சிலிக்கான் பேஸ்டை சென்சார் பக்கம் தடவவும் கூடாது, அந்த ஆவி சென்சாரைக் கெடுத்துடும், சென்சாருக்கு ஒத்துக்கும்னு போட்டிருக்கறதைத்தான் வாங்கணும்.

எனக்கு லீக் இல்ல. ஆக்சிலேட்டர் விடும்போது முன்ன விட கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கு, அது நேர் பைப் சைலன்சருக்கு இயல்புதான், எரியாம வர்ற மிக்ஸர் உள்ள எரியறது, முன்னாடி அறைகளுக்குள்ள அடங்கினது இப்ப கேக்குது. ரீமேப், அதாவது ஈசியூல இருக்கற பெட்ரோல் அளவு அட்டவணையை (மேப்) மாத்தறது, பண்ணல. கன்வெர்ட்டரும் பெண்ட் பைப்பும் ஏர் ஃபில்டரும் பழசே இருக்கறப்போ ஸ்லிப் ஆன் போட்டதால வர்ற மாற்றம் சின்னது, சாதாரண ஓட்டத்துல ஆக்சிஜன் சென்சார் வெச்சு ஈசியூ அதை சரி பண்ணிக்கும். ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கினா ஈசியூ சென்சாரைப் பாக்காம மேப்பைப் பாத்துத்தான் பெட்ரோல் விடும், அதனால பெண்ட் பைப், ஃபில்டர் எல்லாம் மாத்தறவங்க டைனோல (பவர் அளக்கற உருளை மெஷின்) ஏத்தி மேப் போட்டே ஆகணும். கார்புரேட்டர் பைக்னா பெரும்பாலும் சென்சாரே கிடையாது, பிளக் கழட்டி நிறம் பாருங்க, வெளுத்திருந்தா ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன துளை) ஒரு சைஸ் ஏத்தணும்.

மீட்டர் வெச்சு அளந்தா பழசை விட நாலு டெசிபல் கூட, நான் எதிர்பாத்த அளவுக்குள்ள. பைக்கை நகத்தும்போது எடை குறைஞ்சது தெரியுது, ஓட்டும்போது பெருசாத் தெரியல. பவர் கூடின மாதிரி எனக்குத் தோணல, அதுக்காக வாங்கவும் இல்ல.

முதல் நீள ஓட்டம் முடிஞ்சு குளுந்தப்புறம் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் வெச்சுப் பாத்தேன், கிளாம்ப் மட்டும் கொஞ்சம் ஏறுச்சு, புது வளையம் அமுங்கறதால வர்றது. இனிமே பாக்க வேண்டியது கிளாஸ் ஊல். அது எரிஞ்சு உதிர்ந்துக்கிட்டே வரும், சத்தம் கொஞ்சம் கொஞ்சமா கூடறதால நமக்குத் தெரியாது, அதனாலதான் இப்பவே அந்த நாலு டெசிபல் கணக்கை எழுதி வெச்சிருக்கேன், சர்வீஸ் பண்ணும்போதெல்லாம் அதே இடத்துல வெச்சு அளந்து பாப்பேன், கூடியிருந்தா கடைசி மூடியோட ரிவெட்டை டிரில் பண்ணி எடுத்துட்டு புதுசு சுத்திடலாம். வாங்கும்போதே மூடி ரிவெட்ல இருக்கா, முழுக்க வெல்டு பண்ணியிருக்கான்னு பாத்துக்கோங்க, வெல்டு பண்ணதுல இந்த வேலை செய்ய முடியாது. பழைய சைலன்சரைத் தூக்கிப் போடல, உள்ள இருக்கற தகட்டை வெட்டிப் பத்தவெக்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்து சரி பண்ணி, போல்ட், புஷ், வாஷர் எல்லாத்தையும் அதோடயே கட்டி வெக்கணும், பைக்கை விக்கறப்போ வாங்கறவங்க கேப்பாங்க.